வயிற்றுப் புற்றுநோய்: சதைத் துண்டு சொல்லும் சேதி



"கேஸ் டிரபிள்தான், ஒரு சோடா குடிச்சா சரியாப் போயிடும்" என்கிறார் கணவர். மனைவியோ தன் வயிற்று வலியை வாய் விட்டுச் சொல்வதே இல்லை. மாதங்கள் ஓடிவிடுகின்றன. பசியின்மை, நாலு கவளத்திலேயே வயிறு நிறைந்து போவது, காரணமின்றி இளைப்பது ஆகியவை இரண்டு மூன்று வாரம் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். மலம் தார் போலக் கறுத்தாலோ, இரத்த வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே போக வேண்டும்.

அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பார்கள். இதுதான் எண்டோஸ்கோப்பி. சந்தேகமான இடத்தில் சிறு துண்டு சதை எடுப்பார்கள். "சதையைக் கிள்ளினா நோய் பரவிடுமாமே?" என்று பயந்து பலர் பாதியில் திரும்பி விடுகிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். அந்தத் துண்டு இல்லாமல் சரியான வைத்தியம் இல்லை.

புற்றுநோய்தான் என்றால், "பிழைப்பாரா?" என்பதே வீட்டாரின் முதல் கேள்வி. நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைக் கொண்டே டாக்டர் முதலில் கணக்கிடுவார். இப்போது இன்னொன்றையும் பார்க்கிறார்கள். நம் இரத்தத்தில் ஊர்க் காவல்காரர் போல நோய் எதிர்ப்பு அணுக்கள் இருக்கின்றன. அவை கட்டியை எதிரி என்று கண்டுகொண்டனவா, ஏமாந்து விட்டனவா? அதற்கான தடயம் கட்டியின் மரபணுக்களில் இருக்கிறது.

பத்திரத்தை நகல் எடுப்பவர் பிழை திருத்தாமல் எழுதிக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? சில கட்டிகளில் மரபணுப் பிழைகளைத் திருத்தும் வேலை அப்படி நின்றுபோய், பிழைகள் குவிந்துவிடும். இதை எம்.எஸ்.ஐ. வகை என்பார்கள். 2014-ல் அமெரிக்க ஆய்வுத் திட்டம் ஒன்று 295 இரைப்பைக் கட்டிகளை ஆராய்ந்து நான்கு வகையாகப் பிரித்தது. அவற்றில் நூற்றுக்குச் சுமார் 22 இந்த வகை. பிழை மிகுந்தால் காவல்காரருக்கு ஆள் அடையாளம் எளிதில் தெரிந்துவிடும். ஆகவே அறுவை செய்யக்கூடிய நிலையில் இவர்களுக்குப் பொதுவாக நல்ல பலன் கிடைக்கிறது.

வேறு சில கட்டிகள் பி.டி.எல்.1 என்ற புரதத்தைக் காட்டி, "நானும் உங்க ஆளுதான்" என்று காவலை ஏய்க்கும். காவலுக்கு விழும் இத்தகைய தடைகளை நீக்கும் மருந்துகளுக்கு வழிகாட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹோன்ஜோ இருவருக்கும் 2018-ல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து விலை அதிகம். எல்லோருக்கும் பயன்படவும் செய்யாது. யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்கத்தான் இந்தப் பரிசோதனை.

பல மரபணுக்களைக் கூட்டி மதிப்பெண் போடும் முறைகளும் ஆராய்ச்சியில் உள்ளன. இது ஜாதகம் அல்ல. நூறு பேரில் எத்தனை பேருக்கு எப்படி என்றுதான் சொல்லும். உங்கள் வீட்டுக்காரரின் நாளைக் குறிக்காது.

மரபணு என்றதும் "பிள்ளைகளுக்கும் வருமோ, பெண் கொடுப்பாங்களா?" என்று மறைக்காதீர்கள். இம்மாற்றங்கள் பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே நேர்ந்தவை. சிலருக்கு மட்டுமே பரம்பரையாக வரும். அதை டாக்டர் சொல்வார். புற்றுநோய் ஒட்டுவாரொட்டியும் அல்ல. ஒரே தட்டில் சாப்பிடலாம்.

எடுத்த சதைத் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். அதை 'பிளாக்' என்பார்கள். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு அதையும் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். பெரும்பாலும் இந்தப் பரிசோதனைகளை அதிலேயே செய்து கொள்ளலாம்.