ஐம்பதைத் தாண்டியும் பேச்சுத்துணை

• தினமும் ஒரே நேரத்தில், ஒரே பூங்காவில் நடங்கள். முகம் பழகிவிட்டால் பேச்சு தானாக வரும்.

• வாட்ஸ்அப்பில் 'காலை வணக்கம்' படம் அனுப்புவதோடு நிறுத்தாதீர்கள். வாரம் ஒருவரையாவது அழைத்து, "சும்மாதான் கூப்பிட்டேன்" என்று பேசுங்கள்.

• காது மந்தமானதால் கூட்டத்தைத் தவிர்ப்பவர்கள் பலர். தயங்காமல் பரிசோதித்து, தேவைப்பட்டால் கருவி பொருத்திக்கொள்ளுங்கள்.

• தையல், கணக்கு, கோலம் என்று தெரிந்ததை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

• விசேஷ வீட்டுக்குச் சற்று முன்னதாகவே போய், ஒரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அறிமுகம் எளிதாகும்.

• 60 வயதைக் கடந்தவர்களுக்கு 14567 என்ற இலவச உதவி எண் உண்டு. மனம் மிகவும் சோர்ந்தால், எந்த வயதினரும் எந்த நேரத்திலும் 14416-ஐ அழைக்கலாம்.