அழைப்பும் பொறுப்பும்

நுழையும்முன்

கடல் கடந்து வாழும் நண்பரை நம் ஊருக்கு அழைப்பது மகிழ்ச்சி தரும் செயல். அவ்வழைப்பில் அன்போடு பொறுப்பும் சேர்ந்திருக்கிறது. அயல்நாட்டாரை வரவேற்றுப் பழகிய நெய்வேலியை முன்வைத்து, நண்பரை அழைக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

விருந்து என்னும் சொல்

'விருந்து' என்பதன் பழம்பொருள் புதுமை. முன்பின் அறியாது புதிதாக வருவோரையே பண்டைத் தமிழர் விருந்தினர் என்றனர். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். நெய்வேலியை அடுத்த வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டு நிறுவிய தருமச்சாலையின் அடுப்பு, இன்றும் பசித்து வருவோர்க்காக எரிகிறது.

அயலவரை ஏற்ற ஊர்

ஜம்புலிங்கம் முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு வெளிப்பட்ட கரிய பொருளே, நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியை உலகறியச் செய்தது. 1956ஆம் ஆண்டு நிறுவனம் உருவானது. மறு ஆண்டு சுரங்கப்பணி தொடங்கியது. மண்ணை அகழ ஜெர்மனியின் இயந்திரங்கள் வந்தன. முதல் அனல்மின் நிலையம் சோவியத் ஒன்றியத்தின் துணையுடன் எழுந்து, 1962இல் மின்னாக்கத்தைத் தொடங்கியது. அயல்நாட்டு வல்லுநர்களின் அறிவும் நம் தொழிலாளரின் உழைப்பும் இணைந்து உருவாக்கிய நகரியம் இது.

அழைக்கும் முறை

மலேசியாவில் வாழும் தோழி ஒருத்தியை நெய்வேலிக்கு அழைக்க விரும்புகிறீர்கள் எனக் கொள்வோம். "எப்போது வேண்டுமானாலும் வா" என்பது அன்பின் மொழி. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் அலுவலருக்கு அது போதாது. அவர் உங்களையும் அறியார், தோழியையும் அறியார். எனவே வருகையின் நோக்கம், நாள்கள், தங்குமிடம், செலவை ஏற்பவர் ஆகியவை கடிதத்தில் தெளிவாக இருத்தல் வேண்டும். நீங்கள் பள்ளி மாணவர் என்பதால், கடிதத்தைப் பெற்றோர் பெயரில் எழுதுவதே முறை. அது இவ்வாறு அமையலாம்:

"எங்கள் மகளின் தோழி, தைத் திங்களில் பத்து நாள்கள் நெய்வேலி நகரியத்திலுள்ள எங்கள் இல்லத்தில் தங்குவார். பொங்கல் விழாவில் கலந்துகொள்வதும் சிதம்பரம், பிச்சாவரம் ஆகிய இடங்களைக் காண்பதும் வருகையின் நோக்கம். உணவுக்கும் உறைவிடத்திற்கும் நாங்களே பொறுப்பேற்கிறோம்."

இக்கடிதம் நுழைவிசைவு (விசா) ஆகாது; நுழைவிசைவை வழங்குவது அரசே. அதற்கு விண்ணப்பிக்க வேண்டியவரும் வருபவரே. அரசின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் மட்டுமே விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய கடவுச்சீட்டு, வருகை நாளிலிருந்து குறைந்தது 6 மாதங்கள் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும். படிவம் கேட்கும் நம் பெயரும் முகவரியும் கடிதத்தில் உள்ளவாறே அமைதல் நலம். நண்பரைக் காணச் சுற்றுலா நுழைவிசைவு பெற்று வருபவர், இங்கு ஊதியத்திற்குப் பணியாற்ற இயலாது.

வந்தபின்

அயல்நாட்டவரைத் தங்கவைப்போர், அவர் வந்த 24 மணி நேரத்திற்குள் பதிவு அலுவலருக்குத் தகவல் அளிக்க வேண்டும். சுரங்கத்தைக் காண முன்இசைவு பெற வேண்டும். ஊரைக் காட்டும்போது உண்மையையும் காட்டுவோம். வட்டம் வட்டமாக அமைந்த மரநிழல் வீதிகளைப் போலவே, சுரங்கத்திற்காகத் தம் நிலத்தை விட்டுப் பெயர்ந்த சிற்றூர் மக்களின் வரலாறும் நெய்வேலிக்கு உரியது.

நண்பர் ஒருவர் நம் சொல்லை நம்பி எல்லை கடக்கிறார். அரசும் அச்சொல்லைக் கருத்தில் கொள்கிறது. எனவே அழைப்பில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் நாம் காக்கவேண்டிய வாக்கு.

தெரியுமா?

சோழரின் காவிரிப்பூம்பட்டினத் துறைமுகத்தில் பண்டப் பொதிகளுக்குப் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊருக்கு அயல்நாட்டு நண்பரை அழைத்துக் கடிதம் எழுதுக.
2. விருந்தினருக்குக் காட்ட விரும்பும் மூன்று இடங்களைக் காரணத்துடன் வகுப்பில் கலந்துரையாடுக.