இரண்டு தேசத்துக் குடிமகன்

இந்த மாத வேதபாடத்துக்கு அப்போஸ்தலர் 16:35-40, 21:37-39, 22:24-29, பிலிப்பியர் 3:17-21 ஆகிய பகுதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம் முடிந்ததும் நம் சபைத் தாயார் ஒருவர் முன்னே வந்தார்கள். "பாஸ்டருங்க, பெரியவன் அமெரிக்காவுல சிட்டிசன் ஆயிட்டானுங்க. நம்ம தோட்டத்தை ஒட்டி ரெண்டு ஏக்கரா கிரயத்துக்கு வந்திருக்குது. அவனே வந்து அவன் பேருக்கு எழுதிக்கிறேங்கறான். தடையில்லாம முடியோணும்னு ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். நானும் உடனே ஜெபித்துவிட்டேன். ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அது என் தப்பு.

வாசல்வரை போனவர்கள் திரும்பி வந்து, "நம்ம ஊர் பாஸ்போர்ட்டுக்கு இன்னும் தேதி இருக்குதுங்க. அதைக் காட்டித்தான் பத்திரம் போடப் போறான். 'பவுலுக்கே ரெண்டு குடியுரிமை இருந்துச்சே, எனக்கு மட்டும் என்னங்கம்மா'ங்கறான்" என்றார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நம் ஞாயிறு பள்ளியில் வசனம் படித்த பையன். வேதத்தை வைத்துக் கேட்டிருக்கிறான். வேதத்தை வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும்.

அவன் சொன்னதில் பாதி சரி. பவுல் எருசலேமில் பிடிபட்டபோது, முதலில் தான் சிலிசியா நாட்டுத் தர்சு பட்டணத்தின் குடிமகன் என்று சேனாபதியிடம் சொல்லுகிறான். அடுத்த அதிகாரத்தில் வாரினால் கட்டப்பட்டபோது, தான் ரோமன் என்று நூற்றுக்கு அதிபதியிடம் வெளிப்படுத்துகிறான். ஒரே மனுஷனுக்கு இரண்டு குடியுரிமை! பழைய ரோமச் சட்டம் இதற்கு இடங்கொடுக்கவில்லை. கி.மு. 56-ல் சிசரோ என்ற பேர்பெற்ற வழக்கறிஞர், ரோமன் ஒருவன் வேறொரு பட்டணத்துக்கும் குடிமகனாயிருக்க முடியாது என்று வாதாடியிருக்கிறார். ஆனால் பவுலின் காலத்துக்குள் அது மாறிவிட்டது. கீழ்நாட்டுப் பட்டணங்களில் சொந்த ஊர் உரிமையை விடாமலே ரோம உரிமையும் பெற்றவர்கள் இருந்தார்கள். ஆகையால் பவுல் எந்தச் சட்டத்தையும் ஏமாற்றவில்லை. சட்டம் கொடுத்ததை வைத்திருந்தான்.

பவுலை விசாரித்த சேனாபதியின் பெயர் கிலவுதியு லீசியா. தான் மிகுந்த பணம் கொடுத்து அந்த உரிமையை வாங்கினதாக அவனே ஒத்துக்கொள்ளுகிறான். பவுலுக்கோ அது பிறப்பிலேயே வந்தது. அந்நாட்களில் ரோமக் குடிமகனின் பிள்ளை பிறந்தால் பெயரைப் பதிந்து, மரப்பலகையில் நகல் கொடுப்பது வழக்கம், நம்முடைய பிறப்புச் சான்றிதழ் மாதிரி. பொய்யாய் ரோமன் என்று சொல்லிக்கொண்டால் என்ன ஆகும்? கிலவுதியு இராயன், அதாவது அப்போஸ்தலர் 18-ல் யூதரை ரோமைவிட்டுப் போகச் சொன்ன அதே ராயன், அப்படிப்பட்டவர்களைக் கோடரியால் வெட்டுவித்தான் என்று சரித்திரம் சொல்லுகிறது. பவுல் அந்த வார்த்தையைச் சொன்னவுடன் எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள் என்றால், அது உண்மையான வார்த்தை. பெட்டிக்குள் ஒளித்து வைத்த காகிதம் அல்ல.

இப்போது நம்முடைய தேசத்துக்கு வருவோம். 1955-ம் வருஷத்துக் குடியுரிமைச் சட்டம் 9-ம் பிரிவின்படி, ஒரு இந்தியன் தானாய் மனமுவந்து வேறு நாட்டின் குடியுரிமை பெற்றால், அந்த நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடுகிறது. எழுதிக்கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் போனது போனதுதான். பாஸ்போர்ட்டில் இன்னும் 5 வருஷம் தேதி இருந்தாலும் அது வெறும் அட்டை. அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும். அதைக் காட்டிப் பிரயாணம் பண்ணினாலோ, "நான் இந்தியன்" என்று பத்திரத்தில் எழுதினாலோ குற்றம். அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து முதலிய நாடுகள் இரட்டைக் குடியுரிமையைப் பொறுத்துக்கொள்ளுகின்றன. நம்முடைய நாடு பொறுத்துக்கொள்ளுவதில்லை. அவ்வளவுதான்.

"அப்ப ஓ.சி.ஐ. கார்டு எதுக்குங்க?" என்று வாலிபர் கூடுகையில் ஒரு தம்பி கேட்டான். 2005-ல் கொண்டுவந்த திட்டம் அது. பேரில் "குடிமகன்" என்று இருக்கிறதே தவிர, குடியுரிமை அல்ல. வாழ்நாள் முழுக்க விசா இல்லாமல் வரலாம், தங்கலாம். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது. விவசாய நிலம் கிரயம் வாங்க முடியாது. தகப்பன் தாய் சொத்து வாரிசாய் வந்தால் வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வெளிநாட்டில் குடியிருக்கிற இந்தியக் குடிமகன்கூட இங்கே தோட்டம் கிரயம் வாங்கச் சட்டத்தில் பொது அனுமதி இல்லை. அந்தப் பாஸ்போர்ட்டைக் காட்டியிருந்தால், பொய்யும் மிஞ்சியிருக்கும், நிலமும் கிடைத்திருக்காது.

இரண்டு குடியுரிமைக்கு ஆசைப்படுகிற நாம், ஒன்றுமே இல்லாமல் நின்றவர்களையும் நினைக்க வேண்டும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் ஜனங்களில் பெரும்பாலோரை 1948-ம் வருஷத்துச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரை 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஆடு மாடு பிரிக்கிறதுபோல! அப்படி வந்த குடும்பங்கள் நமக்கு மேலே கோத்தகிரியிலும் கூடலூரிலும் இன்றும் இருக்கிறார்கள். குடியுரிமைக் காகிதத்தின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

பிலிப்பியர் 3:20-க்கு வாருங்கள். நம் தமிழ் வேதத்தில் "குடியிருப்பு" என்று இருக்கிற சொல்லுக்கு மூலபாஷையில் குடியுரிமை என்கிற கருத்தும் உண்டு. பிலிப்பி மக்கெதோனியாவில் இருந்தாலும் அது ரோமர் குடியேற்றப் பட்டணம், கி.மு. 42-ல் நடந்த யுத்தத்துக்குப்பின் ரோமப் போர்வீரர்களை அங்கே குடியமர்த்தினார்கள். ஒரு ஊரில் வாழ்ந்துகொண்டு இன்னொரு ஊரின் பிரஜையாயிருப்பது என்னவென்று அந்தச் சபையாருக்கு விளக்கவே வேண்டியதில்லை. அப்படியே வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிற விசுவாசியும் பரலோகத்தின் பிரஜை. அதற்காக இந்தியக் குடியுரிமையை விட வேண்டியதில்லை. "நாங்க பரலோகத்துக்காரங்க, எங்களுக்கு எதுக்கு ஓட்டு" என்று சில பெரியவர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். பவுல் அப்படி நினைக்கவில்லை. பிலிப்பியில் அடித்தவர்களே வந்து அழைத்துப் போகட்டும் என்று தன் ரோம உரிமையைக் கேட்டு வாங்கினான். இராயனுக்கு அபயமிட்டதும் அதை வைத்துத்தான்.

ஆனால் கொலோசெயர் 1:13-ல் அந்தகாரத்தின் அதிகாரத்திலிருந்து குமாரனுடைய ராஜ்யத்துக்கு மாற்றப்பட்டதைப் பார்க்கிறோம். அங்கே இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஞானஸ்நானம் எடுத்த பிற்பாடும் பழைய பாஸ்போர்ட்டை ட்ராயரில் வைத்து, தேவைப்பட்டால் எடுத்துக் காட்டலாம் என்றிருக்கிறவர்கள் நமக்குள்ளே உண்டு. வியாபாரக் கணக்குக்கு ஒன்று, ஆராதனைக்கு ஒன்று.

அந்தத் தாயாரிடம் இதையெல்லாம் சொன்னபோது அழுதுவிட்டார்கள். "அப்ப என்ற பையன் நம்ம ஊர்க்காரன் இல்லீங்களா?" என்றார்கள். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மகனிடம் போனில் நானே பேசினேன். முதலில் கோபம். "அங்கே எத்தனையோ பேர் அப்படித்தான் வெச்சிருக்காங்க பாஸ்டர்" என்றான். இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு பாஸ்போர்ட்டை ஒப்படைத்து, ஓ.சி.ஐ.க்கு விண்ணப்பித்தான். நிலத்தில் ஒரு ஏக்கராவை இங்கே தறி ஓட்டுகிற தம்பி தன் சொந்தப் பணத்தில் வாங்கினான். மற்றது வேறொருவருக்குப் போய்விட்டது.

இந்த வருஷ எழுப்புதல் கூட்டத்துக்கு அவன் குடும்பத்தோடு வந்தான். செய்தி கொடுக்கச் சொல்லலாம் என்று சகோதரர்கள் சொன்னார்கள். 2021 மார்ச் 4-ந் தேதி மத்திய அரசிதழ் அறிவிப்பின்படி ஓ.சி.ஐ.காரர்கள் மிஷனரி ஊழியம் செய்யத் தனி அனுமதி வாங்க வேண்டும். வாங்கியிருக்கவில்லை. ஆகவே நோட்டீஸில் அவன் பேர் போடவில்லை. மூன்று நாளும் பந்தியில் சாம்பார் வாளி தூக்கினான். அவன் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.