பழைய ஜீப் வாங்கிய தம்பிக்கு

நீ வாங்கியிருக்கும் எம்.எம். 540, மஹிந்திரா இங்கே பூட்ட ஆரம்பித்த வில்லிஸ் ஜீப்பின் வம்சம். உள்ளே 2112 சி.சி. பெஜோ டீசல் எஞ்சின், கம்ப்யூட்டர் கிடையாது. வீட்டு வாசலிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். போடி மெட்டில் ஏலத்தோட்டத்து ஜீப்புகளோடு காலம் தள்ளியவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. ஸ்பேனருக்கு முன் துணியை எடு. மண்ணும் ஆயிலும் அப்பிக் கிடந்தால் கசிவு எங்கே என்று தெரியாது. துடைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டி வா. புதிதாக நனைந்திருக்கும் இடம்தான் கசிவு. என் மேஸ்திரி புதுப் பையன்களுக்கு மண்ணெண்ணெயும் துணியும்தான் முதலில் கொடுப்பார். நாங்கள் உள்ளுக்குள் பொருமுவோம். ஆனால் துடைக்கிற கைக்குத்தான் விரிசல் முதலில் தட்டுப்படும்.

2. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே. ஸ்டாண்ட் கொடு, சக்கரத்துக்குக் கட்டை வை. இந்த வம்சத்து ஜீப் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது; பின்பக்கம் போகும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின் சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால் டிஃப்ரன்ஷியல் அதைச் சுற்றவிடும், வண்டி நகர்ந்துவிடும். தைரியசாலிகள் பலரை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். இந்த வேலைக்குப் பயந்தவனே கெட்டிக்காரன்.

3. ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் பம்பைக் கழற்ற ஓடாதே. ஒரு மழை ராத்திரி, டிரைவர் ஒருவர் செல்ஃப் அடித்து அடித்தே பேட்டரியைத் தீர்த்துவிட்டார். மேஸ்திரி நிதானமாக வந்து, ஃபில்டர் மேலிருந்த ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்தார். முதலில் நுரை வந்தது. குமிழி நின்று டீசல் கம்பியாக வந்ததும் ஸ்க்ரூவை இறுக்கினார். பிறகு தள்ளி ஸ்டார்ட் செய்தோம். அதோடு விடவில்லை. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு டேங்க் வரை குழாயைத் தடவிப்போய், தேய்ந்த செம்பு வாஷரை எடுத்துக் காட்டினார். ஏர் எடுத்தவன் வேலை பாதிதான். அது புகுந்த வழியைக் கண்டால்தான் முழு வேலை.

4. தார் ரோட்டில் பந்தாவுக்கு ஃபோர் வீல் போடாதே. நடுவில் டிஃப்ரன்ஷியல் இல்லாத வண்டி. திருப்பத்தில் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும்.

5. ஓடையில் இறங்கி வந்தால் மறுநாளே ஆக்ஸில் ஆயிலைப் பார். சூடான ஆக்ஸில் குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று ஆறும்போது, பழைய சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஆயில் பால் காப்பி நிறத்தில் வந்தால் அன்றே மாற்று.

6. பிரேக்கில் வீம்பு வேண்டாம். நீயே செய்திருந்தாலும், ரோட்டில் இறக்கும் முன் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டு. கேட்பதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. இந்த வயதிலும் நான் கேட்கிறேன்.

7. துருப்பிடித்த நட்டோடு மல்லுக்கட்டினால் போல்ட்தான் முறியும். ஞாயிற்றுக்கிழமை ஸ்பிரிங் பட்டையைக் கழற்றலாம் என்றாயே, யூ போல்ட்டுகளுக்கு இன்றைக்கே எண்ணெய் விட்டு ஊறப்போடு. நாளையும் ஒரு தடவை விடு. நான் காலையிலேயே வந்துவிடுகிறேன்.