ரேஷன் அரிசி உங்கள் பைக்கு வரும் வரை

ரேஷன் கடையில் ஏதாவது குறை என்றால், நம் கோபமெல்லாம் தராசுக்குப் பின்னால் நிற்கும் விற்பனையாளர் மேல்தான் பாயும். ஆனால் பல நேரம் பிரச்சினை தொடங்கும் இடம் கடை இல்லை. அரிசி ஆலையிலோ, லாரி வரும் வழியிலோ அது தொடங்கியிருக்கும். எங்கே என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்வியும் சரியான இடத்துக்குப் போகும். திருச்சியிலிருந்தே இரண்டு பாடங்கள் பார்ப்போம்.

1. ஆலையில் எடுக்கும் முடிவு

தமிழ்நாட்டில் செறிவூட்டப்பட்ட அரிசி 2020-இல் சோதனை முறையில் முதலில் வந்தது திருச்சி மாவட்டத்துக்குத்தான். பிறகு மாநிலம் முழுக்க வந்தது. ரத்தசோகையைக் குறைப்பதுதான் நோக்கம். அரிசி மாவுடன் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து, அரிசி வடிவிலேயே மணிகளாகப் பிழிந்து காயவைக்கிறார்கள். இதில் 1 கிலோவை 100 கிலோ சாதாரண அரிசியுடன் ஆலையில் கலந்து வந்தார்கள். அப்படிக் கலந்த அரிசியை நீங்கள் 20 கிலோ வாங்கினால், அதில் சுமார் 200 கிராம் இந்த மணிகள்.

நிறம் கொஞ்சம் மாறியிருக்கும். கழுவும்போது சில மணிகள் மிதக்கும். உடனே "இது பிளாஸ்டிக் அரிசி!" என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவும். விவரம் தெரியாதவர்கள் சத்துள்ள மணிகளையே பொறுக்கி எறிந்துவிடுகிறார்கள். ஆலையில் செய்த மாற்றத்தைக் கடையில் சொல்லாமல் விட்டால், நல்ல பொருளும் குறையாகத்தான் தெரியும். அதனால் பொறுக்காதீங்க, சேர்த்தே சமையுங்க. தலசீமியா, சிக்கிள் செல் ரத்தசோகை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடுங்கள்.

2. வழியில் எடுக்கும் முடிவு

ஸ்ரீரங்கம் ஒரு தீவு. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம். திருச்சி நகரையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-இல் திறக்கப்பட்டது. 2022-இன் பிற்பகுதியில் பராமரிப்புக்காக மூடப்பட்டு, 2023 மார்ச்சில் மீண்டும் திறந்தது. அதுவரை கார்களும் லாரிகளும் சென்னை புறவழிச்சாலையைச் சுற்றித்தான் போக வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட நேரத்தில் குடோனில் எடுக்கும் முடிவு முக்கியம். லாரி சுற்றிப் போனால், நாளைக்கு மூன்று நடை அடித்த வண்டி இரண்டு நடைதான் அடிக்கும். முன்கூட்டியே மூட்டைகளை அனுப்பினால் கடையில் இருப்பு இருக்கும். அனுப்பாவிட்டால் "அரிசி இன்னும் வரலைங்க" என்ற பதில்தான் கிடைக்கும். வேலையை விட்டுவிட்டு வந்தவருக்கு அன்றைய கூலியும் போச்சு, அரிசியும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது

• கிளம்பும் முன் டிஎன்-ஈபிடிஎஸ் செயலியில் கடை திறந்திருக்கிறதா, பொருள் இருப்பு எவ்வளவு என்று பாருங்கள்.
• வாங்கியதும் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தியைப் பையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வாங்காத பொருளுக்குப் பில் வந்தால் விடாதீங்க.
• புகாருக்கு 1967-ஐ அழையுங்கள். எடை குறைவு, தவறான பில் என்றால் கடை எண்ணையும் தேதியையும் சொல்லுங்கள். பூச்சி, நாற்றம் என்றால் மூட்டையில் உள்ள விவரச்சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். எந்த ஆலை, எந்தக் குடோன் என்று தேட அது உதவும்.

"ரேஷன் சரியில்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாருக்கும் பிடி கிடைக்காது. எந்தப் பொருள், எந்தக் கடை, எந்த நாள் என்று சொல்லுங்கள். குறை எங்கே தொடங்கியதோ, அங்கேயே அதைத் திருத்த வழி பிறக்கும்.