மூக்கிலா, வாலிலா? கிட் விமானத்துக்குச் சக்கரம் தேர்வது எப்படி

சொந்தமாகக் கிட் விமானம் கட்டப் பணம் ஒதுக்கியவர்கள் என்ஜினைப் பற்றி மாதக்கணக்கில் விவாதிப்பார்கள். பூசப்போகும் வண்ணத்தைப் பற்றிக்கூட. ஆனால் மூன்றாவது சக்கரம் மூக்கின் கீழ் வருமா, வாலின் கீழ் வருமா என்பதைப் பலரும் அழகைப் பார்த்தே முடித்துவிடுகிறார்கள். வால் தாழ்ந்து, மூக்கு வானம் பார்த்து நிற்கும் விமானம் கம்பீரமானதுதான். ஆனால் எந்தத் தரையில் இறங்கலாம், எவ்வளவு பக்கக்காற்றில் இறங்கலாம், காப்பீட்டுக்கு என்ன செலவாகும், எத்தனை நாள் பறக்காமல் இருந்தால் கால் பழக்கம் விட்டுப்போகும் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கின்றன. நிதானமாகவே போவோம்.

எடுத்துக்காட்டுக்கு, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்திலுள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்.வி. வரிசையை எடுத்துக்கொள்கிறேன். ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் 1973இல் தொடங்கிய நிறுவனம் இது. வீட்டில் கட்டிப் பறக்கவிட்ட ஆர்.வி. விமானங்கள் இன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. ஆர்.வி.-7, 9, 14 ஆகியவை இரு வடிவிலும் கிடைக்கும். எண்ணுக்குப் பின்னால் ‘ஏ’ இருந்தால் மூக்குச் சக்கரம். ஆர்.வி.-4 வால்சக்கரத்தோடு மட்டுமே வந்தது. நான்கு பேர் அமரும் ஆர்.வி.-10 மூக்குச் சக்கரத்தோடு மட்டும். அப்படிப்பட்ட கிட்டை விரும்புகிறவருக்கு இந்தக் கேள்வியே எழாது.

முதல் படி: தரையில் என்ன நடக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

வால்சக்கர விமானத்தில் இரண்டு முதன்மைச் சக்கரங்களும் எடைமையத்துக்கு முன்னால் இருக்கின்றன. மூக்குச் சக்கர விமானத்தில் அவை எடைமையத்துக்குப் பின்னால். இரண்டுக்கும் உள்ள எல்லா வேறுபாடும் இதிலிருந்தே பிறக்கிறது.

டிராக்டரில் டிரெய்லரைப் பூட்டி முன்னோக்கி ஓட்டினால், கோணலாக இருந்த டிரெய்லரும் தானாக நேராகிவிடும். அதையே ரிவர்ஸ் எடுத்தால் சிறு கோணலும் நொடிக்கு நொடி பெரிதாகும். மூக்குச் சக்கர விமானம் முன்னோக்கி இழுபடும் டிரெய்லரைப் போன்றது. சற்றுக் கோணலாகத் தரையைத் தொட்டாலும், சக்கரங்களின் உராய்வு பின்னாலிருந்து பிடித்து மூக்கை ஓடும் திசைக்குத் திருப்பிவிடும். வால்சக்கர விமானத்தில் அதே உராய்வு எடைமையத்துக்கு முன்னால் பிடிக்கிறது. பின்னாலிருக்கும் எடை முன்னே வரப் பார்க்கிறது. விமானி ரடர் மிதியால் உடனே திருத்தாவிட்டால், விமானம் தன் வாலைத் தானே துரத்துவதுபோல் சுழன்றுவிடும். இதைத்தான் விமானிகள் கிரவுண்ட் லூப் என்கிறார்கள். உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இல்லை. ஆனால் ஒரு பக்கக் கால் மடங்கி, இறக்கை முனை தரையில் உரசி, ப்ரொப்பெல்லரும் அடிபட்டால், சில ஆண்டு உழைப்பு சில நொடியில் பழுதுபார்க்கும் கொட்டகைக்குத் திரும்பிவிடும்.

துள்ளலிலும் இதே கதை. வேகமாகக் கீழிறங்கி முதன்மைச் சக்கரங்களை மோதினால், வால்சக்கர விமானத்தின் பின்பகுதி எடையால் கீழே போகும், மூக்கு உயரும், இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணம் கூடி விமானம் மறுபடி மேலே எழும். மூக்குச் சக்கர விமானத்தில் மோதிய கணத்தில் மூக்கு கீழே போகும், கோணம் குறையும், விமானம் தரையில் தங்கிவிடும். விமானம் கட்டும் நிறுவனங்கள் இதைக் கண்டுதான் 1950களில் மாறின. செஸ்னா 172, வால்சக்கர 170இன் உடலில் மூக்குச் சக்கரம் பூட்டி 1956இல் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பின் உலகம் முழுவதும் பறக்கக் கற்றுக்கொண்டவர்களில் ஏராளமானோர் மூக்குச் சக்கரத்தையே பழகினார்கள். ஆனால் நம் ஊர் பறக்கும் கழகங்களில் நெடுங்காலம் ஓடிய எச்.ஏ.எல். புஷ்பக் வால்சக்கர விமானம்.

எதிர்த்திசையிலும் போனவர்கள் உண்டு. பைப்பர் நிறுவனம் தன் பேசர் விமானத்துக்கு மூக்குச் சக்கரம் பூட்டி ட்ரை-பேசர் என்று விற்றது. அவற்றில் பலவற்றை வாங்கியவர்கள் பிற்பாடு திரும்பவும் வால்சக்கரத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கரடுமுரடான தரையில் இறங்க வேண்டியிருந்தவர்களுக்கு அதற்கு நல்ல காரணம் இருந்தது.

இரண்டாவது படி: உங்கள் ஓடுபாதையை நடந்து பாருங்கள்

எண்ணிப் பார்ப்பது போதாது. விமானம் நிறுத்தப்போகும் இடத்துக்குப் போய் ஓடுபாதையின் முழு நீளமும் நடங்கள். பிறகு, அடிக்கடி போக விரும்பும் மற்ற மைதானங்களை ஒரு தாளில் எழுதுங்கள். தார் போட்ட, அகலமான பாதைதானா? புல்லா? மழைக்குப் பிறகு இளகுகிறதா? எலி வளை, சிறு பள்ளம், தார் விளிம்பில் செங்குத்தான படி இருக்கிறதா?

புல்லிலும் கல்லிலும் வால்சக்கரம் வெல்கிறது. ப்ரொப்பெல்லர் தரையிலிருந்து உயரமாக இருக்கும், அதில் கல் படும் வாய்ப்பு குறைவு. முன்னால் நீட்டிக்கொண்டு மெலிந்த கால் எதுவும் இல்லை. ஆர்.வி.-6ஏ, முன்பு வந்த 7ஏ, 9ஏ ஆகியவற்றின் மூக்குக் கால், என்ஜின் மவுண்ட்டிலிருந்து முன்னோக்கி வளைந்து இறங்கும் ஒற்றை எஃகுத் தண்டு. அதன் நுனியில் தன்னிச்சையாகச் சுழலும் ஃபோர்க். இளகிய மண்ணிலோ பள்ளத்திலோ ஃபோர்க்கின் முன்பகுதி சிக்கிக்கொண்டால் தண்டு பின்னால் சுருண்டு, விமானம் தலைகுப்புற விழ வாய்ப்புண்டு. அப்படி நடந்த விபத்துகளுக்குப் பிறகு, 2007இல் நிறுவனம் தரையிலிருந்து கூடுதல் இடைவெளி தரும் ஃபோர்க்குக்கு மாறச் சொல்லிச் சேவை அறிக்கை வெளியிட்டது. ஆர்.வி.-10, 14ஏ ஆகியவற்றின் மூக்குக் கால் வேறு வடிவம். அதிர்ச்சியை ரப்பர் போன்ற பட்டைகள் வாங்கிக்கொள்ளும். ஆகவே ‘மூக்குச் சக்கரம் என்றாலே பலவீனம்’ என்று எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொல்ல மாட்டேன். எந்த மாடலின் எந்தக் கால் என்று பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது. பழைய ‘ஏ’ கிட்டை வேறொருவரிடமிருந்து வாங்குகிறவர்கள் ஃபோர்க் மாற்றப்பட்டதா என்பதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

காற்றையும் பாருங்கள். ஓடுபாதை ஒன்றே ஒன்றாக இருந்து, பலமான காற்று பக்கவாட்டிலேயே வீசும் ஊர் என்றால் மூக்குச் சக்கரம் உங்களை மன்னிக்கும் அளவு அதிகம். திறமையான வால்சக்கர விமானி அதே காற்றில் இறங்குவார். ஆனால் களைத்துப்போய் வந்து இறங்கும் ஞாயிற்றுக்கிழமை மாலையிலும் அந்தத் திறமை அவரிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது படி: காப்பீட்டு விலையைக் கேளுங்கள்

இதைக் கிட் ஆர்டர் செய்த பிறகு கேட்கிறவர்கள் அதிகம். தரகரிடம் உங்கள் பறக்கும் மணிக்கணக்கைச் சொல்லி, ஒரே மாடலின் இரு வடிவுக்கும் விலை வாங்குங்கள். வால்சக்கர அனுபவம் இல்லாத விமானிக்கு அமெரிக்கக் காப்பீட்டாளர்கள் பொதுவாகக் கூடுதலாகக் கேட்பார்கள். குறிப்பிட்ட மணிநேரம் பயிற்றுநருடன் பறந்தாக வேண்டும் என்று நிபந்தனையும் போடுவார்கள். கட்டி முடிக்கும்வரை தரைக் காப்பீடு, பிறகு பறக்கும் காப்பீடு என்று இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

நான்காவது படி: முதலில் கால்களைப் பழக்குங்கள், பிறகு முடிவெடுங்கள்

இந்தப் படியைத் தவிர்க்கவே கூடாது. அமெரிக்க விதி 61.31இன்படி, வால்சக்கர விமானத்தைத் தனியே இயக்கப் பயிற்றுநரின் ஒப்புதல் கையெழுத்து உங்கள் பதிவேட்டில் வேண்டும். சாதாரண இறங்கல், பக்கக்காற்று இறங்கல், வால் உயர்ந்த நிலையில் முதன்மைச் சக்கரங்களில் இறங்குவது, இறங்காமல் மறுபடி எழுவது ஆகியவற்றைச் செய்து காட்ட வேண்டும். 1991 ஏப்ரல் 15க்கு முன்பே வால்சக்கர விமானத்தை இயக்கியவர்களுக்கு மட்டும் விலக்கு.

கட்டப்போவது மூக்குச் சக்கரமாக இருந்தாலும் இப்பயிற்சியை முதலிலேயே தொடங்கிவிடுங்கள் என்பேன். பைப்பர் கப், சிட்டாப்ரியா போன்ற விமானங்களில் கொஞ்ச மணிநேரம் பறந்தால் இரண்டு விஷயம் தெளியும். ஒன்று, உங்கள் கால்கள் ரடரில் உண்மையில் எவ்வளவு வேலை செய்கின்றன. இரண்டு, அந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா. மூக்கு மறைத்த ஓடுபாதையைப் பக்கவாட்டு ஓரத்தைப் பார்த்துக் கணிப்பது, எழும்போது வாலை உயர்த்துகையில் இடப்பக்கம் இழுக்கும் என்ஜினை வலது மிதியால் பிடித்து நிறுத்துவது, இறங்கி நின்ற பிறகும் ஸ்டிக்கை இறுகப் பின்னால் வைத்திருப்பது. இவையெல்லாம் சிலருக்குப் பெரும் ஆனந்தம். சிலருக்கு இறுகிய தோள்கள். உங்களுக்கு எது என்பதை வேறு எவரும் சொல்ல முடியாது.

முடிந்தால் அதே மாடலின் இரு வடிவிலும் பறந்து பாருங்கள். ஆர்.வி. கட்டியவர்களில் பலர் உட்கார இடம் தருவார்கள். ஆண்டுதோறும் விஸ்கான்சினின் ஆஷ்காஷில் நடக்கும் விமானத் திருவிழாவில் ஒரே நிறுத்துமிடத்தில் இரண்டையும் ஒப்பிட்டு, உரிமையாளர்களிடம் கேட்டுவிடலாம். அந்த விழா நடக்கும் விமான நிலையத்துக்குப் பெயர் கொடுத்த ஸ்டீவ் விட்மன், வளைந்து கொடுக்கும் எஃகுத் தகட்டு லேண்டிங் கியரைக் கண்டுபிடித்தவர். அந்த உரிமையைச் செஸ்னா வாங்கியது. ஆர்.வி.க்களின் நுனி நோக்கி மெலியும் எஃகுத் தண்டுக் கால்களும் அவர் காட்டிய வழியில் வந்தவைதான்.

ஐந்தாவது படி: எடை, வேகம், அமர்வு

இதில் நிறைய நேரம் செலவிட வேண்டாம். வால்சக்கரம் எடையில் குறைவு, காற்றெதிர்ப்பும் குறைவு. ஆனால் ஆர்.வி.-7க்கும் 7ஏக்கும் வேக வித்தியாசம் மணிக்கு ஒன்றிரண்டு மைல்தான். சக்கர மூடிகளைச் சரியாகப் பொருத்துவது அதைவிட அதிகம் தரும். வேகத்துக்காக வால்சக்கரம் தேர்வதில் பொருளில்லை. வால்சக்கர விமானத்தின் பின்னால் சாய்ந்த அறைக்குள் ஏறி இறங்குவது வயதான பயணிக்குக் கடினமா என்பதைச் சோதித்துப் பாருங்கள். பராமரிப்பும் இரண்டிலும் உண்டு. வால்சக்கரத்தில் இணைப்பு ஸ்பிரிங்குகளின் தளர்ச்சி, மூக்குச் சக்கரத்தில் ஃபோர்க்கின் இறுக்கம். இரண்டையும் கையேட்டில் சொன்ன அளவில் வைக்காவிட்டால் சக்கரம் படபடவென்று ஆடும்.

ஆறாவது படி: எங்கே திரும்ப முடியாது என்று குறித்துவையுங்கள்

ஆர்.வி.-7இல் முதன்மைக் கால்கள் என்ஜின் மவுண்ட்டில் பூட்டப்படும். 7ஏவில் அவை உடலுக்குள், இறக்கைக்கு அருகே உள்ள எஃகு அமைப்பில் பூட்டப்படும். மவுண்ட்டிலிருந்து மூக்குக் கால் இறங்கும். மவுண்ட்டும் வேறு, உடலின் உள் உறுதியும் வேறு. ஆகவே உடல் கிட்டுக்கு ஆர்டர் கொடுக்கும் நாள்தான் உண்மையான கெடு. பறந்த பிறகு மாற்றியவர்கள் இருக்கிறார்கள். செலவும் உழைப்பும் கனமானவை. வால், இறக்கை ஆகியவற்றைக் கட்டிக்கொண்டே அந்த நாள்வரை பயிற்சி எடுக்கலாம் என்பது இதிலுள்ள நல்ல செய்தி. கிட்ஃபாக்ஸ் போன்ற சில கிட்களில் ஒரு வடிவிலிருந்து மற்றதுக்கு மாற்றிக்கொள்ள வடிவமைப்பிலேயே இடம் வைத்திருக்கிறார்கள்; மனம் உறுதிப்படாதவர்களுக்கு அது ஒரு வழி.

என் தீர்ப்பையும் சொல்லிவிடுகிறேன். தார்ப்பாதையிலிருந்து பறக்கிறவர், மாதம் ஓரிரு முறைதான் நேரம் கிடைக்கிறவர், குடும்பத்தோடு பயணம் போக விரும்புகிறவர் எல்லாரும் மூக்குச் சக்கரத்தைத் தேரலாம். அதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் தரையில் ஓட்டும் டாக்ஸியிலும் இறங்கலிலும் ஸ்டிக்கைப் பின்னால் பிடித்து மூக்குக் காலின் மேல் எடை விழாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கம் அவசியம். புல்லிலும் மண்ணிலும் இறங்குகிறவர், வாரம் தவறாமல் பறக்கிறவர், நான்காவது படியில் கால்கள் மகிழ்ந்தவர் வால்சக்கரத்தைத் தேருங்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பவர் அதிகம் இறங்கப்போகும் தரையைப் பார்த்து முடிவெடுக்கட்டும்.

எதைத் தேர்ந்தாலும், கட்டி முடித்த விமானத்தின் முதல் பறப்புக்கு முன் அதே வகை விமானத்தில் பயிற்றுநரோடு சில மணிநேரம் பறந்துவிடுங்கள். அமெரிக்காவில் வழக்கமாக 25 அல்லது 40 மணிநேரம் நீளும் சோதனைப் பறப்புக் காலத்தில் கவனிக்கப் புது என்ஜின், புது எரிபொருள் குழாய்கள், புது கருவிகள் என்று நிறைய இருக்கும். அப்போது இறங்கக் கற்றுக்கொள்ளும் வேலையையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள். முதல் பறப்புக்குக் காற்று ஓடுபாதையின் திசையிலேயே மெல்ல வீசும் காலை நேரத்தையும் அகலமான நீண்ட பாதையையும் தேர்ந்தெடுங்கள். அதற்கு முந்தைய நாள்களில், எழாமலேயே டாக்ஸி வேகத்தில் ஓட்டி பிரேக், ரடர், மூன்றாவது சக்கரத்தின் போக்கு ஆகியவற்றைச் சரிபார்த்து, வேறுபாடு தெரிந்தால் அன்றைக்கே கழற்றிச் சரிசெய்யுங்கள்.