பல்கலைக்கழக விண்ணப்பமும் விருப்ப வரிசையும்

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை எங்கள் ஆசிரியை ஒருவர் மூன்று பின்நேரங்கள் எங்களை இருத்தி, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலைப் பக்கம் பக்கமாக விளக்கினார். அது எவ்வளவு பெரிய உதவி என்று எனக்கு அப்போது தெரியாது.

என் மாமியின் மகளும் அதே வருடம் உயிரியல் பிரிவில் தோற்றியவள். அவள் படித்த கிராமத்துப் பாடசாலையில் கைநூலை எடுத்துச் சொல்ல ஆளில்லை. கொமினிகேஷன் கடையொன்றில் இருந்துதான் விண்ணப்பத்தை நிரப்பினாள். "கிட்ட இருக்கிறத முதலாவதாப் போடுங்க மகள், இல்லாட்டி ஒண்டும் கிடைக்காது" என்றார் அங்கு நின்ற ஒருவர். மாமாவுக்கும் அது சரியாகப் பட்டது. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் சம்மாந்துறையில் நடத்தும் உயிரியல் விஞ்ஞானம் முதலாவதாக ஏறியது. அவள் ஆசைப்பட்ட மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் நான்காவதாக இறங்கியது.

முதலாவதே கிடைத்தது. வெட்டுப்புள்ளிகள் வெளியானபோது பார்த்தால், பேராதனையின் ஆய்வுகூடக் கற்கைநெறிக்கு அம்பாறை மாவட்டத்தில் வேண்டியிருந்த இசட் புள்ளியை விட அவளுடையது கூட!

தெரிவு நடப்பது இப்படித்தான். உங்கள் பட்டியல் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படும். புள்ளி போதுமான முதல் கற்கைநெறியோடு பார்வை நின்றுவிடும். பின்னர் வெற்றிடம் வந்தாலும் மேலே போட்டதற்குத்தான் மாறலாம், கீழே போட்டதற்கு மாற முடியாது. ஆகவே எட்டாது என்று நினைப்பதை மேலே போடுவதால் நட்டமில்லை. கட்டாயம் கிடைக்கும் என்பதை மேலே போட்டால்தான் நட்டம்.

பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் உரியவை. அந்தப் பதினாறில் அம்பாறையும் ஒன்று. ஆய்வுகூடமோ ஆசிரியரோ இல்லாத குறையை இந்த ஏற்பாடு ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனால் அது மாவட்டத்தைத்தான் பார்க்கிறது, பாடசாலையைப் பார்ப்பதில்லை. கல்முனை நகரத்துப் பிள்ளைக்கும் இறக்காமத்துப் பிள்ளைக்கும் மாவட்ட வெட்டுப்புள்ளி ஒன்றே. வழிகாட்ட ஆளில்லாமற் போனதற்கு எந்த ஒதுக்கீடும் இல்லை.

இன்னொன்று, மொறட்டுவையில் கட்டடக்கலை போன்ற சிலவற்றுக்கு உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அறிவித்தலைத் தவறவிட்டால் இசட் புள்ளி எவ்வளவு இருந்தும் பயனில்லை.

மச்சி இப்போது சம்மாந்துறையில் நன்றாகவே படிக்கிறாள். சென்ற முறை பெறுபேறு வந்ததும் அவளுடைய பழைய பாடசாலைக்கு இருவரும் கைநூலோடு போனோம்.

"ராத்தா, மேல போட்டது கிடைக்காட்டி கீழ உள்ளதும் போயிடுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள்.

"போகாது" என்று மச்சிதான் பதில் சொன்னாள்.